நல்லவர் என்றால் ஏன் சுட்டார்கள்?

வாசகி கேள்வி: டெக்சாஸில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியையாக இருக்கிறேன். 7 முதல் 10 வயது வரை 14 பிள்ளைகள். போன ஜனவரியில், அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் நாளையொட்டி அவரைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கறுப்பினத்தவர் பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று அன்று இருந்ததையும், ‘எனக்கு ஒரு கனவு உண்டு’ என்ற அவருடைய உரையையும் சொல்லிவிட்டு, உங்கள் கனவு என்ன என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேர் நாய்க்குட்டி என்றும் டிஸ்னி என்றும் எழுதினார்கள். ஒரு பையன், “நல்லவர்னா ஏன் டீச்சர் சுட்டாங்க?” என்று கேட்டான். ஒரு பெண், “நாம அந்த பஸ்ல எங்க உட்கார்ந்திருப்போம்?” என்று கேட்டாள். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாமல் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே ஓர் அம்மா வாட்ஸ்அப் குழுவில், இவ்வளவு சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசத்தான் வேண்டுமா என்று எழுதியிருந்தார். இந்த முறை நாற்காலிகளை பஸ் மாதிரி போட்டு, கையில் வண்ணப் பட்டை கட்டி, பாதிப் பேரை முன்னாலும் பாதிப் பேரைப் பின்னாலும் உட்கார வைத்து நடிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாற்காலி பஸ் வேண்டாம்.

நான் ஜார்ஜியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 வருடங்களாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இதே நாடகத்தை நானும் நடத்தினேன். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் இடம் பிரித்தேன். ஐந்து நிமிடத்தில் முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “எழுந்திரு, எழுந்திரு” என்று கத்திச் சிரித்தார்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருவன் அழுதான். வகுப்பில் இருந்த ஒரே கறுப்பினச் சிறுமி, சீட்டில் முன் வரிசை வந்திருந்தும், யாரிடமும் பேசாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். கோபப்படவில்லை. தன் பாட்டி அப்படிப்பட்ட பஸ்ஸில் போனவர் என்றும், வீட்டில் அந்தக் கதையை மகளுக்குச் சொல்ல ஒரு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்ததாகவும் சொன்னார். அந்த நேரத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அதைச் செய்ததில்லை.

உங்கள் வகுப்பில் எல்லோருமே தமிழ்ப் பிள்ளைகள்தானே, யார் புண்படப் போகிறார்கள் என்று தோன்றலாம். நம் வீடுகளில் நிறத்தைப் பற்றி என்னென்ன பேசுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். அக்கா கலர், தம்பி கொஞ்சம் மட்டு என்று பாட்டி சொல்லிக் கேட்ட பிள்ளை அந்த 14 பேரில் கட்டாயம் இருக்கும். வண்ணப் பட்டை கட்டினாலும் அந்தப் பிள்ளைக்குத் தன் தோல்தான் நினைவுக்கு வரும்.

சரி, அப்புறம் என்ன செய்வது? நாய்க்குட்டி எழுதிய பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. கனவு என்ன என்று கேட்டால் எட்டு வயதில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். கனவு என்ற சொல்லை எடுத்து முன்னால் வைத்ததில்தான் சிக்கல். கிங் அந்த உரையைப் பேசியது 1963 ஆகஸ்ட் 28 அன்று. அதற்கு முன்னால் ஏறக்குறைய எட்டு வருட உழைப்பு இருக்கிறது. அந்தப் பேரணிக்கே வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி என்றுதான் பெயர். சுமார் 2,50,000 பேர் வந்தார்கள். அவர்களுக்காக நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து 80,000 மதிய உணவுப் பொட்டலங்கள் கட்டினார்கள். உரையை மட்டும் தனியே எடுத்துக் காட்டினால், ஒரு நல்ல மனிதர் அழகாகப் பேசினார், உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பேச்சைக் குறைத்து வேலையைச் சொல்லுங்கள் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வேலை நன்றாகப் புரியும்.

நான் வகுப்பைச் செருப்புக் கடையிலிருந்து தொடங்குவேன். கிங் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா அட்லாண்டா நகரில் ஒரு கடைக்கு அவரைக் கூட்டிப் போகிறார். முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். பின்னால் போய் உட்காருங்கள், அங்கே வந்து தருகிறேன் என்கிறார் கடைக்காரர். இங்கேயே உட்கார்ந்து வாங்குவோம், இல்லாவிட்டால் வாங்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு அப்பா மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். கிங்கே பின்னாளில் எழுதிய சம்பவம் இது. இதில் அடி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு கடை, ஓர் அப்பா, புதுச் செருப்பு கிடைக்காமல் வீட்டுக்கு நடக்கும் ஒரு பையன். “அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். பிள்ளைகள் பேசுவார்கள். அது அநியாயம் என்ற சொல் அவர்களிடமிருந்தே வரும். வராவிட்டால் ஆங்கிலத்தில் ஃபேர் இல்லை என்று சொல்வார்கள், அதற்குத் தமிழில் என்ன என்று கேளுங்கள். தமிழ் வகுப்புக்கும் அது வேலைதானே.

நேரம் இருந்தால் இன்னொன்று. பள்ளி மாணவனாக இருந்தபோது கிங் டப்ளின் என்ற ஊருக்குப் பேச்சுப் போட்டிக்குப் போய்விட்டுத் தன் ஆசிரியையோடு பஸ்ஸில் அட்லாண்டா திரும்புகிறார். வெள்ளையர்கள் ஏறியதும் எழுந்திருக்கச் சொல்கிறார் ஓட்டுநர். 90 மைல் தூரமும் நின்றுகொண்டே வந்தார்கள். தன் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததே இல்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிங் என்றாலே சாந்தமாகச் சிரிக்கும் முகம் என்று பழகிவிட்ட பிள்ளைகளுக்கு, அவருக்கும் கோபம் வரும் என்பது பெரிய செய்தி. வந்த கோபத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதற்கு அங்கிருந்து போகலாம்.

இனி அலபாமா மாநிலத்தின் மான்ட்கொமரி நகரம். இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. ரோசா பார்க்ஸ் ஒரு பெரிய கடையில் தையல் வேலை முடித்துவிட்டு பஸ் ஏறுகிறார். வயது 42. நம் பாடப் புத்தகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அவர் வெள்ளையர் இருக்கையில் போய் உட்கார்ந்தார் என்றும், கால் வலியால் எழுந்திருக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. முதல் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவர் அதற்குப் பின்னால், கறுப்பினத்தவரும் உட்காரலாம் என்றிருந்த வரிசையில்தான் இருந்தார். முன்பகுதி நிரம்பி ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றதால், அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் எழவில்லை. உடம்பு அசதியால் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தேன் என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஊர் உரிமைச் சங்கத்தின் செயலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். அதே வருடம் மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண்ணும் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள். உங்கள் பிள்ளைகளின் அக்கா வயது. இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தூங்கவே இல்லை. திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று துண்டுத்தாள் தயாரித்து, கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடிய ஆயிரக்கணக்கில் அடித்து, மறுநாள் ஊர் முழுக்கச் சேர்த்தார். கிங் அந்த ஊர் தேவாலயத்துக்கு வந்து சுமார் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வயது 26. போராட்டத்தை நடத்த ஏற்படுத்திய சங்கத்துக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, தலைவர் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. இந்த வரிசை மாறாமல் சொல்லுங்கள். கிங்கின் பெருமை இதனால் குறையாது. ஒரு பெரிய ஆள் பிறந்து வந்தால்தான் எதுவும் நடக்கும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கும்.

புறக்கணிப்பு என்ற சொல் சின்ன வாய்க்குக் கஷ்டம். முதலில் “ஏற மாட்டோம்” என்று சொல்லிக்கொடுங்கள். அப்புறம் பெரிய சொல்லுக்குப் போகலாம். ஒரு நாளுக்கென்று தொடங்கியது 381 நாள் நடந்தது. அந்த எண்ணைப் பலகையில் எழுதி, பொங்கலை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்தப் பொங்கலன்று நடக்கத் தொடங்கினால், அடுத்த பொங்கல் வந்து போய், அதற்கப்புறமும் இரண்டு வாரம் நடந்துகொண்டிருக்க வேண்டும். மழையிலும் குளிரிலும் வேலைக்கு, கடைக்கு, கோயிலுக்கு. என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஓர் அமைதி வரும். கிங்கின் பிறந்தநாள் ஜனவரி 15 என்பதால் நம் பொங்கலும் அவர் நாளும் சேர்ந்தே வருகின்றன. உங்களுக்குப் பொங்கல் விழா ஒத்திகையில் வகுப்பு நேரம் போய்விடும் என்பது தெரியும். அந்தப் பொங்கலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சமையல். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் பஸ்ஸில் காசு கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக வா என்று இறக்கப்பட்டு, பின்வாசலுக்கு நடப்பதற்குள் பஸ் போய்விட்ட அனுபவம் உள்ளவர். அதை நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொன்னார். வேலை போனது. ஆனாலும் கோழி பொரித்தும், கேக்கும் ‘பை’ என்கிற இனிப்புப் பலகாரமும் செய்தும் விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள் அவரும் அவருடைய தோழிகளும். அந்தப் பெண்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் இல்லாதவர்கள்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம். வாங்கியவர்கள் யார், செய்தவர்கள் யார் என்று வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் இந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். உங்கள் பள்ளிப் பொங்கல் விழாவில் அம்மாக்கள் வடையும் பஜ்ஜியும் விற்றுப் பள்ளிக்குக் காசு சேர்ப்பதைப் பார்த்தவர்கள்தானே, உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் காசில்தான் கார்களுக்குப் பெட்ரோல் போட்டார்கள். சுமார் 300 பேர் தங்கள் கார்களை முறை வைத்து ஓட்டினார்கள். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட் மட்டும் வாங்கினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைந்து வாங்கக் கூடாது என்று நகராட்சி அதைத் தடுத்தது. ராபர்ட் கிரெட்ஸ் என்ற வெள்ளையரான பாதிரியாரும் தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போனார். அவர் வீட்டிலும் குண்டு வெடித்தது. அவர் பெயரைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் “வெள்ளைக்காரங்க எல்லாம் கெட்டவங்களா?” என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டு நண்பன் வெள்ளைக்காரனாக இருப்பான். இல்லை, சட்டம் அநியாயமாக இருந்தது, பலர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் எதிர்த்தார்கள் என்று சொல்லிவிட்டு கிரெட்ஸ் கதைக்குப் போங்கள்.

தினமும் நடந்துபோன வயதான ஒரு பெண்ணிடம், நீங்களாவது பஸ்ஸில் போகலாமே என்று கேட்டபோது, கால்தான் ஓய்ந்துவிட்டது, மனது நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னாராம். கிங் பல இடங்களில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். எந்தச் சொற்பொழிவையும்விட இந்த ஒரு வரி பிள்ளைகள் மனதில் நிற்கிறது. அந்தப் பாட்டி நடந்து போகிற மாதிரி வரையச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டும் தாளைவிட இது நல்லது.

முடிவில் கோல்வின் உட்பட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில், பஸ்ஸில் பிரித்து உட்கார வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21 அன்று கிங்கும் மற்றவர்களும் பஸ்ஸில் ஏறி விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதையை இங்கே நிறுத்தலாம்.

சாவு, குண்டு இவற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். 1963-இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதத்தில் ஒரு பகுதி இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த ஃபன்டவுன் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்ட ஆறு வயது மகளிடம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்று விளக்கும்போது நாக்கு குழறுவதை, அவள் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்ப்பதை எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பதில் வராமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிங்குக்கே அப்படி ஆகியிருக்கிறது. அந்தப் பூங்கா பிறகு எல்லோருக்கும் திறக்கப்பட்டது, கிங் மகளைக் கூட்டிப் போனார். இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். அந்த அம்மாவிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்: கறுப்பினப் பிள்ளைகளுக்கு எந்த வயதில் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்ததில்லை. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கூச்சலிடும் கூட்டத்தைக் கடந்து, காவலர்கள் சூழ, அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குப் போன கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸுக்கு வயது ஆறு.

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்ட வேண்டாம். கிங் வீட்டில் குண்டு வெடித்ததைச் சொல்வதென்றால் முடிவை முதலில் சொல்லிவிடுங்கள்: “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1956 ஜனவரியில் அவர் வீட்டில் ஒரு குண்டு போட்டார்கள். உள்ளே அவர் மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.” பயம் குறைந்தால்தான் அடுத்ததைப் பிள்ளை கேட்கும். கோபத்தோடு திரண்டு வந்த தம் மக்களிடம், வாசலில் நின்று, ஆயுதம் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று அவர் சொன்னார். பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் காவலர்கள் ஏவிய நாய்களும் பீய்ச்சிய தண்ணீரும் உள்ள புகைப்படங்களை ஏழு, எட்டு வயதுக்காரர்களிடம் காட்டாதீர்கள். 9, 10 வயதினரிடம் படம் இல்லாமல் வாயால் சொல்லுங்கள். அதே ஊரில் 1963 செப்டம்பரில் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்ததை இந்த வகுப்பில் நான் தொடவே மாட்டேன். பெற்றோருக்கு வகுப்புக்கு மூன்று நாள் முன்பே, என்னென்ன சொல்லப் போகிறேன், எதைச் சொல்லப் போவதில்லை என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள். அன்று மாலை வந்த மாதிரி செய்தி பெரும்பாலும் வராது.

இனி அந்தப் பையன். “நல்லவர்னா ஏன் சுட்டாங்க?”

இந்தக் கேள்வியை மழுப்பினால், நல்லவனாக இருந்தால் ஆபத்து என்ற பாடத்தை அவன் தானாகவே எடுத்துக்கொள்வான். நேராகச் சொல்லுங்கள். கிங் 1968 ஏப்ரலில் மெம்பிஸ் நகருக்கு ஏன் போனார் என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் தெருவுக்குக் குப்பை லாரி வருகிறதல்லவா? மெம்பிஸில் அந்த வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு மிகக் குறைந்த கூலி. பிப்ரவரி 1 அன்று மழைக்கு லாரியின் பின்பக்கம் ஒதுங்கிய இரண்டு பேர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நிற்கத்தான் போனார். ஏப்ரல் 4 அன்று, தங்கியிருந்த விடுதி மாடியில் நின்றபோது ஒருவன் சுட்டான். கிங்குக்கு வயது 39. சுட்டவனைப் பிடித்து 99 வருடச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். இயந்திரத்தில் சிக்கியதைச் சின்னவர்களிடம் ‘விபத்தில் இறந்தார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏன் என்பதற்கு: அவர் இருந்த காலத்தில் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1966-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் அமெரிக்கர்கள் அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்றார்கள். இன்று விடுமுறை, தபால்தலை, சிலை. அன்று அப்படி இல்லை. பையனிடம் எண்ணெல்லாம் வேண்டாம். “முன்னால் உட்கார்ந்து பழகியவர்களிடம், எல்லோரும் சேர்ந்து உட்காருவோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வந்தது. அவர்களில் பலர் சும்மா இருந்தார்கள், சிலர் கத்தினார்கள், ஒருவன் சுட்டான். அவன் செய்தது தப்பு. அவர் போன பிறகும் அந்தத் தொழிலாளர்கள் விடவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் கேட்ட சங்க உரிமையும் கூலி உயர்வும் கிடைத்தன.” இவ்வளவு போதும். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். இன்னும் கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் கேள்வி இதைவிடப் பெரியது. “நாம எங்க உட்கார்ந்திருப்போம்?” இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பதில்: 1955-இல் நம்மில் மிகப் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வந்திருக்கவே முடியாது. 1923-இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் அது மாறியபோதும், வருடத்துக்கு 100 இந்தியர் என்று அளவு வைத்தார்கள். அந்தக் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால். உரிமை இயக்கம் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய அதே காலத்தில், 1964 உரிமைச் சட்டத்துக்கும் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கும் பின்னாலேயே வந்தது அது. நடந்தே போன அந்தப் பாட்டிக்கும் நம் பிள்ளைகள் டெக்சாஸில் தமிழ் படிப்பதற்கும் தொடர்பு உண்டு.

இரண்டாவது பதில், அப்போது வந்தவர்களின் கதை. 1941-இல் இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாய் அமெரிக்காவின் தெற்கில் ரயிலில் போகும்போது, பயணச்சீட்டுப் பரிசோதகர் கறுப்பினத்தவர் பெட்டிக்குப் போகச் சொன்னார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள், என்னை விட்டுவிடுங்கள் என்று சலுகை கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. நானும் நிறமுள்ள பெண்தான், எழுந்து போகப் போவதில்லை என்றார். 1964 மே மாதம் இந்திய சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் நுழையப் போய்க் கைதானார். அந்தப் பெண்ணுக்கு கமலாதேவியின் கதையைச் சொல்லுங்கள். எங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்பதோடு, எங்கே உட்கார நாம் முடிவு செய்திருப்போம் என்றும் அவள் யோசிக்கட்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அந்தக் கால அறிவிப்புப் பலகைகளில் ‘கலர்ட்’ என்று எழுதியிருந்தால் கறுப்பினத்தவர் என்று பொருள். தமிழில் ‘கலரா இருக்கா’ என்றால் சிவப்பாக இருக்கிறாள் என்று பொருள். பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்பட்டும், அது நல்ல குழப்பம். ஒரே சொல் இங்கே தாழ்த்தவும் அங்கே உயர்த்தவும் எப்படிப் பயன்பட்டது என்று பெரிய பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘நீக்ரோ’ என்று இருக்கும். கிங்கும் தன் காலத்தில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார், இன்று அது புண்படுத்தும் என்பதால் கறுப்பினத்தவர் என்கிறோம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பதிலைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1959-இல் கிங்கும் கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார்கள். மதராஸ், காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி எல்லாம் போனார்கள். கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்தது அவர் மனதில் நின்றது. அந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோனதாகவும், பிறகு யோசித்தபோது ஆம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாகவும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் கிங் சொன்னார்.

அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றுதான் என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு உடனே தெரிந்திருக்கிறது. நம் ஊர் டீக்கடைகளில் தனிக் குவளை இருந்ததை, தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று இருந்ததை, நமக்கு அந்தச் செருப்புக் கடைக் கதை நினைவூட்ட வேண்டும். 10 வயதுப் பிள்ளைகளிடம், பிறப்பை வைத்து மனிதரைப் பின்னால் உட்கார வைக்கும் வழக்கம் நம் ஊரிலும் இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கு எதிராகவும் நிறையப் பேர் உழைத்தார்கள் என்று சொல்லுங்கள். யாருடைய குடும்பத்தையும் பற்றி வகுப்பில் கேட்காதீர்கள். ஒரு பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்களை இழுக்காதீர்கள். இதற்கும் வாட்ஸ்அப்பில் யாராவது எழுதலாம். நான்கு வரிச் செய்தியில் இதையும் முன்பே சேர்த்துவிடுங்கள், பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டு.

ஒரே வகுப்புக்கு இது அதிகம். செருப்புக் கடை, பார்க்ஸ், 381 நாள், கில்மோரின் சமையல், அந்தப் பாட்டி. இவ்வளவு ஒரு வாரம். அந்த இரண்டு கேள்விகளையும் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். “போன வருஷம் நீங்க கேட்டீங்க, எனக்கு அப்போ தெரியலை, படிச்சுட்டு வந்திருக்கேன்” என்று அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துச் சொல்லித் தொடங்குங்கள். அந்தப் பெண் கமலாதேவி கதையைக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுவீர்களா?

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியை